சிலுவைகளை எண்ணிய பேராசிரியர்

'சோதெர்' என்பது கௌனஸ் பல்கலைக்கழகத்தின் இறையியல் துறை 1924 முதல் வெளியிட்டு வந்த ஆய்விதழ். வேதாகம விளக்கமும் திருச்சபைச் சட்டமும் நிறைந்த அந்த இதழில், 1930களில், இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் கட்டுரைகள் வரத் தொடங்கின. ஜெமைத்தியாவின் சாலையோரங்களில் எத்தனை சிலுவை, எத்தனை குருசடி, எதற்குள் எந்தப் புனிதரின் சொரூபம் என்ற கணக்குதான் விஷயம். எழுதியவர் இக்னஸ் கோன்ச்சியஸ். லித்துவேனியாவின் வடமேற்கு மூலையான ஜெமைத்தியாவில் 1886ல் பிறந்தவர், அந்த மண்ணின் பேச்சுவழக்கை விடாமல் பேசியவர். வகுப்பில் அவர் நடத்தியது பௌதிகம்.

அவருடைய முறை எளிமையானது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் சாலையை ஓர் அலகாக எடுத்துக்கொள்வார். எத்தனை கிலோமீட்டர் என்று குறிப்பார். வழியில் தென்படும் ஒவ்வொன்றையும், வீட்டு முற்றத்தில் இருப்பதா, முச்சந்தியில் இருப்பதா, மரத்தில் ஆணி அடித்து மாட்டியதா, தரையில் நிற்பதா என்று பிரித்து எழுதுவார். உள்ளே இருக்கும் சொரூபங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுவார், படமும் எடுப்பார். விடுமுறைதோறும் இதே வேலை. இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை அவர் கணக்கில் ஏறின. 'சோதெர்' போக, ஷௌலியாய் நகரத்து வட்டார ஆய்வாளர்கள் 1934ல் தொடங்கிய 'கிம்தசாய் க்ராஷ்தாஸ்' இதழிலும் அவர் எழுதினார்.

எனக்கு இந்த மனிதர் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. அரசு நூலகத்தில் என் வேலையே இருப்புச் சரிபார்ப்பு. அக்செஷன் ரெஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போய், இருக்கிறது, இல்லை, கிழிந்திருக்கிறது என்று டிக் அடித்தே ஓய்வு பெற்றவன். மகன் குடும்பத்தோடு கௌனஸில் இருக்கத் தொடங்கியபின், குளிருக்குப் பயந்து பகலெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்தேன். பழைய ஆய்விதழ்களை அகராதியின் துணையோடும் கட்டுரை முடிவில் வரும் பிறமொழிச் சுருக்கங்களின் துணையோடும் படிக்கப் பழகினேன். நூற்றாண்டுக்கு மேலாக இந்த நாட்டு ஆய்விதழ்கள் சமயக் கலையைப் பற்றி என்ன எழுதின என்று தொடர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். கோட்பாடுகள் ஒவ்வொரு தலைமுறையோடும் மாறிப்போயின. கணக்கெழுதியவர்களின் பக்கங்களை மட்டும் எல்லாத் தலைமுறையும் திரும்ப எடுத்துப் புரட்டுகிறது.

எதை எண்ணினார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். லித்துவேனியக் கிராமப்புறத்தில் சிலுவை கல்லறைத் தோட்டத்தோடு நிற்பதில்லை. கல்யாணம், பிள்ளைப்பேறு, தீ விபத்து, கொள்ளை நோய், தற்கொலை, விபத்தில் போன உயிர் எதுவானாலும் வீட்டுக்காரர் ஒரு சிலுவை நாட்டுவார். கிழக்கே ஔக்ஷ்தைத்தியாவில் வானுயர்ந்த ஓக் மரச் சிலுவைகள். மேற்கே ஜெமைத்தியாவில் தரையில் நிற்கும் குட்டிக் குருசடிகளும், மரக்கிளைப் பிரிவில் கட்டிவைத்த கூண்டு போன்ற மாடங்களும் அதிகம். இவை தவிர, நெட்டுக்குத்தான தூணின் மேல் அடுக்கடுக்காகக் கூரை வைத்து, ஒவ்வொரு கூரைக்கும் கீழே ஒரு புனிதரை நிறுத்திய கம்பங்கள். உச்சியில் கொல்லன் அடித்த இரும்புச் சிலுவை. அதைச் சுற்றிச் சூரியக் கதிர்கள், அடியில் பிறைநிலா.

உள்ளே இருக்கும் புனிதர்கள் எல்லோரும் வேலைக்காரர்கள். ஆற்றங்கரையிலும் பாலத்தருகிலும் நெப்போமுக் யோவான்; நதியில் தள்ளிக் கொல்லப்பட்டவர் என்பதால் வெள்ளத்துக்கு அவர் பொறுப்பு. எரியும் வீட்டின் மேல் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றியபடி ஃப்ளோரியன். கால்நடைக்கு ஜார்ஜியார், வயலுக்கு இசிதோர், நெருப்புக்கு ஆகத்தம்மாள், தொலைந்த பொருளுக்கு அந்தோணியார். நெஞ்சில் ஏழு வாள் பாய்ந்த வியாகுல மாதா ஏறக்குறைய எங்கும். இவர்களுக்கு நடுவே லித்துவேனியர்கள் தங்களுடையது என்று சொந்தம் கொண்டாடும் ஓர் உருவம் உண்டு. 'ரூபின்தொயேலிஸ்' என்று பெயர். முள்முடியோடு ஒரு கட்டைமேல் உட்கார்ந்திருக்கும் இயேசு. வலது உள்ளங்கை கன்னத்தைத் தாங்கியிருக்கும், இடது கை முழங்காலின் மேல் தளர்ந்து கிடக்கும். தலை உடம்புக்குப் பெரிது. கிராமத்துச் சிற்பிக்கு உடற்கூறு தெரியாது. முதுகு எப்படி வளைந்தால் களைப்புத் தெரியும் என்பது தெரியும். வெயிலிலும் பனியிலும் சாயம் போகப் போக வீட்டார் மேலே மேலே வண்ணம் அடிப்பார்கள். அருங்காட்சியகத்தில் சுத்தம் செய்பவர் சுரண்டிப் பார்த்தால் படலம் படலமாக வரும்.

இதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் தடையிலிருந்து பிறந்தது. 1863 கிளர்ச்சியை ஜார் அரசு அடக்கியபின், கவர்னர் ஜெனரல் முராவியோவின் நிர்வாகம் சாலையோரத்தில் சிலுவை நாட்டுவதற்குத் தடை போட்டது. லத்தீன் எழுத்தில் லித்துவேனிய மொழியை அச்சிடுவதும் 1864 முதல் 1904 வரை குற்றம். எல்லைக்கு அப்பால், பிரஷ்யாவின் தில்சித்தில் அச்சாகும் ஜெபப் புத்தகங்களைச் சாக்கில் கட்டி இரவில் கடத்திக்கொண்டு வந்தார்கள். அந்த ஏற்பாட்டைத் தொடங்கிவைத்தவர் ஜெமைத்தியாவின் ஆயர் மொதியேயுஸ் வலன்ச்சியஸ். பிடிபட்டவர்களுக்குச் சைபீரியா. ஆக, மொழியும் சிலுவையும் ஒரே கையால் தடுக்கப்பட்டவை. பின்னால் வந்த அறிஞர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசியதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

அச்சுத் தடை நீங்கிய மூன்றாம் ஆண்டு, 1907ல், வில்னியஸில் இரண்டு சங்கங்கள் பிறந்தன. ஒன்று லித்துவேனிய அறிவியல் சங்கம், மற்றொன்று லித்துவேனியக் கலைச் சங்கம். அறிவியல் சங்கத்தின் தலைவர் யோனாஸ் பசனாவிச்சியஸ். தொழிலால் டாக்டர், பல்கேரியாவில் நெடுங்காலம் மருத்துவம் பார்த்தவர். தடைக்காலத்தில் 1883ல் பிரஷ்யாவில் அச்சாகி வந்த 'ஔஷ்ரா' இதழைத் தொடங்கியவரும் இவரே, 1918 பிப்ரவரி 16ல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் இவரே. சங்கத்தின் ஆய்விதழுக்கு 'லியெதுவியூ தௌதா' என்று பெயர் வைத்து, நாட்டுப்புறக் கதை முதல் தொல்லியல் வரை அதில் சேர்த்தார்.

கலைச் சங்கம் 1912ல் 'லித்துவேனியச் சிலுவைகள்' என்ற படத்தொகுதியை வெளியிட்டது. படங்களை வரைந்தவர் அன்டானாஸ் யாரோஷெவிச்சியஸ். ரஷ்யாவின் கசான் நகரத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். முன்னுரை பசனாவிச்சியஸுடையது. அவர் வாதம் இதுதான்: இரும்பு உச்சியில் இருக்கும் சூரியனும் பிறையும் கிறிஸ்தவம் தந்தவை ஆகா, ஐரோப்பாவில் கடைசியாக மதம் மாறிய நாடு இது, ஆகவே இந்தக் கம்பங்கள் பழைய சமயத்தின் நினைவுத் தூண்கள், பின்னால் சிலுவை அணிந்துகொண்டன. லித்துவேனியர்கள் பண்டைய பால்கன் இனத்தவரான திரேசியர்களின் வழிவந்தவர்கள் என்றும் எழுதியவர் அவர். தன் மக்களுக்கு நீண்ட வம்சாவளி தேடித் தர வேண்டும் என்ற தவிப்பு வரிக்கு வரி தெரியும். இன்று அந்த வம்சாவளியை ஆய்வாளர் யாரும் ஏற்பதில்லை. ஆனால் யாரோஷெவிச்சியஸ் கோடு கோடாக வரைந்த சிலுவைகளில் பெரும்பாலானவை மரம், மட்கிப் போயின. படத்தொகுதியைத்தான் இன்றும் திறக்கிறார்கள், முன்னுரைக்காகத் திறப்பவர் குறைவு.

அந்தப் படத்தொகுதிக்கும் முன்பே, மிஹாவ் ப்ரென்ஷ்டைன் என்ற உள்ளூர் ஆர்வலர் போலிஷ் மொழியில் ஜெமைத்தியாவின் சிலுவைகளையும் குருசடிகளையும் விவரித்து எழுதியது கிராக்கோவில் 1906ல் அச்சானது. தேசியவாதம் கொதித்த காலத்தில், யார் எந்த மொழியில் எழுதினார் என்பதை வைத்தே எழுத்தை எடைபோட்டார்கள். எந்த ஊரில் எது நின்றது என்ற தகவலுக்கு மொழி வேறுபாடு கிடையாது. பின்வந்தவர்கள் இரண்டையும் பயன்படுத்தினார்கள்.

முதல் உலகப் போர் முடிந்து நாடு விடுதலை பெற்றபோது வில்னியஸ் போலந்திடம் போயிற்று. கௌனஸ் தற்காலிகத் தலைநகர் ஆயிற்று. சிறிய நகரத்தில் பல்கலைக்கழகம், அருங்காட்சியகம், ஆய்விதழ்கள் எல்லாம் ஒரே சமயத்தில் முளைத்தன. ஓவியர் அடோமாஸ் வர்னாஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார். 1926ல் அவருடைய 'லித்துவேனியாவின் சிலுவைகள்' வெளிவந்தது. புதிய நாட்டின் லித்தாஸ் நோட்டுகளை வடிவமைத்த கையும் அவருடையதுதான். பாலிஸ் புராச்சாஸ் என்ற இன்னொரு புகைப்படக்காரர் சிலுவைகளை மட்டும் எடுக்கவில்லை. செதுக்குபவர், தூக்கி நிறுத்துபவர், சுற்றி நின்று ஜெபிப்பவர் எல்லோரையும் படத்துக்குள் கொண்டுவந்தார்.

இந்தக் காலத்தில்தான் வின்ட்சாஸ் ஸ்விர்ஸ்கிஸ் என்ற பெயரும் ஆய்வுலகத்துக்குத் தெரியவந்தது. 1835ல் பிறந்து 1916ல் மறைந்த கிராமத்துச் சிற்பி. கேட்டவர் வீட்டிலேயே தங்கி, சாப்பிட்டு, சிலுவையை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். மற்றவர்கள் சொரூபத்தைத் தனியாகச் செதுக்கிச் சிலுவையில் பொருத்துவார்கள். ஸ்விர்ஸ்கிஸ் தண்டையும் உருவத்தையும் ஒரே ஓக் மரத்திலிருந்து எடுத்தார். மரத்தின் நடுவிலிருந்து ஜார்ஜியாரின் குதிரை முட்டிக்கொண்டு வெளியே வரும். இருநூறுக்கு மேல் செய்தார் என்று சொல்வார்கள். வாழ்ந்த காலத்தில் எந்த இதழும் அவரைப் பற்றி எழுதவில்லை. எழுதத் தொடங்கியபோது சாட்சி சொல்லச் சிலுவைகள் நின்றிருந்தன, அவற்றின் மேல் தேதிகளும் இருந்தன.

பவுலியஸ் கலௌனே 1930ல் 'லித்துவேனிய நாட்டுப்புறக் கலை' நூலை வெளியிட்டார். பாரிசில் அருங்காட்சியகக் கல்வி பெற்றுத் திரும்பி, கௌனஸில் சியுர்லியோனிஸ் கலைக்கூடத்தை நடத்தியவர். கிராமத்துச் சொரூபங்களை அவர் தேசப் பெருமையாக மட்டும் பார்க்கவில்லை. அவற்றின் முன்மாதிரிகளைத் தேடினார். மர அச்சுப் படங்கள், ஜெபப் புத்தகச் சித்திரங்கள், ஆலயப் பீடங்களின் பரோக் சிற்பங்கள் எல்லாம் கிராமத்துக் கொட்டகைவரை போயிருந்தன. ரூபின்தொயேலிஸ் விவகாரத்தில் இது சூடுபிடித்தது. காட்டுத் தெய்வம்தான் இயேசுவாக மாறி உட்கார்ந்திருக்கிறது என்று நம்பியவர்கள் பலர். ஆனால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்த துயர இயேசு பின்னைய கோதிக் காலத்து ஜெர்மன் கலையில் பரவலாக இருக்கிறார். 1511ல் ட்யூரர் வெளியிட்ட 'சிறிய பாடுகள்' மர அச்சு நூலின் முகப்பிலேயே அவர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துப் போலந்திலும் அதே உருவத்துக்கு வேறு பெயர். தங்களுக்கே உரியது என்று நினைத்தது பாதி ஐரோப்பாவுக்குப் பொது என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இந்தச் சண்டைக்குக் கோன்ச்சியஸின் அட்டவணையில் இடம் கிடையாது. அவர் கேட்டவை வேறு கேள்விகள். எந்தப் புனிதர் எத்தனை முறை வருகிறார்? ஒரு பங்கில் அதிகமாக இருப்பவர் அடுத்த பங்கில் ஏன் இல்லை? தேசச் சின்னமாகப் பேசப்பட்ட உருவம் உண்மையில் சாலையில் எவ்வளவு தென்படுகிறது? எண்ணினால்தான் இதற்கெல்லாம் பதில். அளவெடுக்காமல் விதியைப் பற்றிப் பேசக்கூடாது என்பது பௌதிகக்காரரின் பழக்கம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் ஆலயத்து ஆட்களின் இதழுக்குள் நுழைந்தார், அவர்களும் இடம் கொடுத்தார்கள்.

1940ல் சோவியத் படை வந்தது. 'சோதெர்' முந்தின ஆண்டோடு நின்றுபோயிருந்தது. 1922ல் தொடங்கிய லித்துவேனியக் கத்தோலிக்க அறிவியல் கழகமும் மூடப்பட்டது. கோன்ச்சியஸ் 1941ல் கைதானார். ஜெர்மன் படை நெருங்கியபோது சிறைக்கைதிகளைக் கிழக்கே நடத்திக்கொண்டு போய், பெலாரஸின் செர்வென் அருகே ஜூன் மாத இரவொன்றில் சுட்டார்கள். உயிர் தப்பிய சிலரில் அவரும் ஒருவர். 1944ல் மேற்கே ஓடி, கடைசியில் அமெரிக்கா சேர்ந்தார். ஜெமைத்தியச் சிலுவைகளைப் பற்றிய அவர் நூல் 1965ல் சிகாகோவில் அச்சானது. எழுபத்தொன்பது வயதில், திரும்ப முடியாத ஊரின் சாலைகளை அவர் புத்தகமாக்கினார். அந்த நேரத்தில் அந்தச் சாலைகளில் பலவற்றின் ஓரம் வெறுமையாகிவிட்டிருந்தது.

போருக்குப் பின் இந்தப் படிப்பு மூன்றாகப் பிரிந்தது. நாட்டுக்குள் இருந்தவர்கள் சமயம் என்ற வார்த்தையைத் தொடாமல் சமயக் கலையை ஆராய வேண்டியிருந்தது. வில்னியஸ் பேராலயத்தின் கூரையில் நின்ற மூன்று சொரூபங்களை 1950ல் இறக்கிப்போட்டார்கள். 1956ல் அந்த ஆலயம் ஓவியக்கூடமானது. புனித காசிமிர் ஆலயத்தில் நாத்திக அருங்காட்சியகம் வந்தது. இந்தச் சூழலில்தான் கலௌனே தொகுத்த 'லித்துவேனிய நாட்டுப்புறக் கலை' வரிசையின் சிற்பத் தொகுதிகள் 1963லும் 1965லும் வெளிவந்தன. உள்ளே பக்கம் பக்கமாகப் புனிதர்கள். அட்டையில் சிற்பம், முன்னுரையில் மக்கள், படங்களில் வியாகுல மாதா. ஒரு சொரூபத்துக்கு அடியில் ஊர், காலம், உயரம், இருக்கும் அருங்காட்சியகம் என்று நான்கு தகவல் இருந்தால் போதும், முன்னுரையைத் தாண்டிப் போய்விடலாம். அந்தக் காலத்து ஆய்வாளர்கள் பலர் இதைத் தெரிந்தே செய்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். கட்டடக்கலை நினைவுச் சின்னங்கள், தச்சு வேலை, நாட்டுப்புறக் கலை என்று கோப்புக்கு ஒரு தலைப்புக் கொடுத்துவிட்டு உள்ளே பீடங்களை அளந்துகொண்டிருந்தார்கள்.

வெளியே இன்னொரு கணக்கு நடந்தது. ஷௌலியாய் அருகே உள்ள சிலுவைக் குன்றை 1961 ஏப்ரலில் அதிகாரிகள் புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கினார்கள். மரத்தை எரித்தார்கள், இரும்பைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், கல்லைப் புதைத்தார்கள். ஜனங்கள் இரவில் வந்து மறுபடி நாட்டினார்கள். 1970களிலும் இடித்தார்கள், மறுபடி முளைத்தது. 1972 மார்ச் 19 முதல் 'லித்துவேனியக் கத்தோலிக்கத் திருச்சபையின் குரோனிக்கிள்' என்ற இரகசிய இதழ் தட்டச்சுப் பிரதிகளாகக் கைமாறத் தொடங்கியது. தொகுத்தவர் சிகிதாஸ் தம்கேவிச்சியஸ் என்ற பாதிரியார். 1983ல் கைதாகும்வரை அவர் நடத்தினார், பிறகும் நிற்கவில்லை. 1989 வரை 81 இதழ்கள். மனித உரிமை ஆவணமாகத்தான் இதை உலகம் அறியும். கலை ஆய்வாளருக்கு அது வேறொன்றும் தருகிறது: எந்த ஊரில் எந்தத் தேதியில் எந்தச் சிலுவையை வெட்டினார்கள், எந்த ஆலயத்தில் என்ன திருட்டுப் போனது என்ற தகவல்கள். கோன்ச்சியஸ் நின்றிருந்தவற்றை எழுதினார், குரோனிக்கிள் விழுந்தவற்றை எழுதியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு பதிவேட்டின் வரவும் செலவும் போலப் பொருந்தும். தம்கேவிச்சியஸ் பிற்பாடு கௌனஸ் பேராயராகி, 2019ல் கர்தினாலும் ஆனார்.

மூன்றாவது கிளை வெளிநாட்டில் இருந்தது. கத்தோலிக்க அறிவியல் கழகம் 1956ல் ரோமில் உயிர் பெற்றது. அன்டானாஸ் லியுய்மா, பவுலியஸ் ரபிகௌஸ்கஸ் என்ற இரண்டு இயேசு சபைக்காரர்கள் அதைத் தாங்கினார்கள். கிரெகோரியன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ரபிகௌஸ்கஸ், வத்திக்கான் ஆவணக் காப்பகத்தில் லித்துவேனிய மறைமாவட்டங்களைப் பற்றி ஆயர்கள் அனுப்பிய அறிக்கைகளைத் தேடி எடுத்து 1971ல் பதிப்பித்தார். தாய்நாட்டில் ஆலயத்துக்குள் போய் அளக்க முடியாதவர்கள், ரோமில் உட்கார்ந்து பழைய அறிக்கைகளிலிருந்து அந்த ஆலயங்களுக்குள் நுழைந்தார்கள்.

அமெரிக்காவில் வேறு காற்று வீசியது. பின்னாளில் தொல்லியலில் உலகப் புகழ் பெற்ற மரியா கிம்புதாஸ், 1958ல் லித்துவேனிய நாட்டுப்புறக் கலையின் பழஞ்சின்னங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். சூரியன், பிறை, பாம்பு, மரம். பசனாவிச்சியஸ் 1912ல் சொன்னது இன்னும் கற்றறிந்த மொழியில் திரும்ப வந்தது. நாட்டை இழந்தவர்களுக்கு அந்தத் தொன்மை தேவையாக இருந்தது. ஆனால் அந்த வாதத்துக்கு வேண்டிய படங்கள் எங்கிருந்து வரும்? போருக்கு முன் எடுத்த புகைப்படங்களிலிருந்தும் வரைந்த சித்திரங்களிலிருந்தும்தான்.

1990ல் சுதந்திரம் திரும்பியபின் மூன்று கிளையும் வில்னியஸில் ஒன்றுகூடின. கத்தோலிக்கக் கழகத்தின் ஆண்டிதழ் ரோமிலிருந்து வந்தது. கலை அகாதெமி 'ஆக்டா அகாதெமியே ஆர்ட்டியும் வில்னென்சிஸ்' என்ற வரிசையைத் தொடங்கியது. சோவியத் காலத்தில் பிறந்த 'மெனோதீரா' தொடர்ந்தது. 'சோதெர்' 1999ல் கௌனஸில் மறுபடி வந்தது. கேள்விகளும் மாறின. இது பேகன் மிச்சமா, மக்கள் கலையா என்று கேட்பது குறைந்தது. யார் பணம் கொடுத்தார்? எந்தத் துறவற சபை இந்தப் பக்தியைக் கொண்டுவந்தது? எந்த அச்சுப் படத்தைப் பார்த்து வரைந்தார்கள்? நேர்ச்சையாக என்ன போட்டார்கள்? இதற்கெல்லாம் பதில் ஆயர்களின் பங்கு விசாரணைக் குறிப்புகளில் இருந்தது. திரெந்து நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்துக்குப் பிறகு ஆயரோ அவர் அனுப்பியவரோ ஒவ்வொரு பங்குக்கும் போய், எத்தனை பீடம், எந்தப் படம், வெள்ளி எவ்வளவு, கூரை ஒழுகுகிறதா என்று லத்தீனில் எழுதிவைத்தார்கள். ஜெமைத்தியா மறைமாவட்டத்தில் 1579ல் நடந்த அப்படியொரு விசாரணை 1998ல் வில்னியஸில் நூலாக வந்தது. நானூறு ஆண்டுக்கு முந்தின இருப்புச் சரிபார்ப்பு.

இந்தப் படிப்பு என்ன செய்யும் என்பதற்கு 'விடியல் வாசல்' மாதா நல்ல உதாரணம். வில்னியஸ் பழைய நகரத்தின் கோட்டை வாயிலுக்கு மேலே, தெருவைப் பார்த்தபடி உள்ள சிற்றாலயத்தில் இருக்கிறாள். குழந்தை இல்லை. கைகள் மார்பில் குறுக்கே மடிந்திருக்கும், தலை லேசாகச் சாய்ந்திருக்கும். முகமும் கைகளும் தவிர மற்றதெல்லாம் பொன்முலாம் பூசிய வெள்ளி உடை. கீழே 1849ல் நேர்ச்சையாக வந்த பெரிய வெள்ளிப் பிறை. சுவர் முழுக்க வெள்ளியில் இதயங்கள், கால்கள், கண்கள். கிரிமியாவிலிருந்து பெருங்கோமகன் அல்கிர்தாஸ் கொண்டுவந்த படம் என்று ஒரு கதை, அரசி பார்பரா ராத்விலைதேயின் முகம் என்று இன்னொரு கதை. 1927ல் முடிசூட்டு விழாவுக்கு முன் வெள்ளி உடையைக் கழற்றி, யான் ருட்கோவ்ஸ்கி என்ற பழுதுநீக்குநர் வேலை செய்தார். உள்ளே எட்டு ஓக் பலகைகளை இணைத்த பரப்பு, இரண்டு மீட்டர் உயரம். ஓவியம் 1620களைச் சேர்ந்தது என்றும், ஃப்ளெமிஷ் ஓவியர் மார்ட்டென் தெ வோஸின் படத்தைப் பார்த்துச் செதுக்கிய ஓர் அச்சுப்படமே முன்மாதிரி என்றும் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அல்கிர்தாஸும் பார்பராவும் வாசலைவிட்டு இறங்கினார்கள். படிக்கட்டில் முழங்காலால் ஏறுகிறவர்களுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

பேராலயத்தின் கதையில் கணக்கின் அருமை இன்னும் பளிச்சென்று தெரியும். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பாதிரிமார்கள் தங்கப் பாத்திரங்களையும் திருப்பண்டங்களின் பேழைகளையும் ஆலயச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். 1985ல் ஓவியக்கூடத்தில் நடந்த வேலையின்போது சுவர் திறந்தது. கண்டுபிடித்தவர்கள் மாஸ்கோவுக்குத் தெரிந்தால் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். 1990களின் கடைசியில்தான் செய்தி வெளிவந்தது. அப்போது தொடங்கிய 'லித்துவேனியக் கலையில் கிறிஸ்தவம்' கண்காட்சியில் மக்கள் அவற்றைப் பார்த்தார்கள். 2009ல் புனித மிக்கேல் ஆலயத்தில் திருச்சபை மரபு அருங்காட்சியகம் திறந்தபின் அங்கே போயின. 1931 வெள்ளத்தின்போது கண்டெடுத்த அரச கல்லறை முடிகள் மட்டும் அகப்படாமல் இருந்தன. 2024 டிசம்பரில் நிலவறைச் சுவரின் இடுக்கில் அவையும் கிடைத்தன. 1939 செப்டம்பர் செய்தித்தாள்களில் சுற்றியிருந்தார்கள். தேதி எழுதிவைக்க நேரமில்லாதவர்களுக்குச் செய்தித்தாளே தேதியிட்டுக் கொடுத்தது. இருந்தாலும் எந்த முடி யாருடையது என்பதற்கு 1931ல் கண்டெடுத்தவர்கள் எழுதிய குறிப்பும் எடுத்த படங்களும்தான் ஆதாரம்.

மரச்சிலுவை செய்யும் கலையை யுனெஸ்கோ 2001ல் மனித குலத்தின் அரிய மரபு என்று அறிவித்தது, 2008ல் தன் பட்டியலில் சேர்த்தது. பசனாவிச்சியஸ் உயிரோடு இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அவருக்குரிய பங்கையும் மறுக்கக்கூடாது. அவர் கோட்பாடு தவறாக இருக்கலாம், ஆனால் இந்தக் கம்பங்கள் கவனிக்கத் தகுந்தவை என்று முதலில் கத்தியவர்களில் அவர் ஒருவர். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் கேமராவோடும் நோட்டுப் புத்தகத்தோடும் அவ்வளவு பேர் கிளம்பியிருப்பார்களா என்பது சந்தேகம். எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. ஒரு குருசடிக்குள் ஃப்ளோரியன் இருக்கிறார் என்று அட்டவணை சொல்லும். அதை நாட்டிய வீட்டில் எந்த வருஷம் தீப்பிடித்தது என்று சொல்லாது.

ஆனாலும் ஒரு கோட்பாட்டை மறுக்க நாற்காலியில் உட்கார்ந்தபடி இன்னொரு கோட்பாடு எழுதினால் போதும். கோன்ச்சியஸின் ஒரு வரியைச் சரிபார்க்க வேண்டுமானால் அந்தச் சாலைக்குப் போயாக வேண்டும். லித்துவேனிய ஆய்வாளர்கள் இன்றும் அப்படித்தான் போகிறார்கள். அவர் கிலோமீட்டர் போட்டு எழுதிய வழியில் மறுபடி நடந்து, எது நிற்கிறது, எது பெயர்ந்தது, எந்த ஊரில் பேரன் புதிதாக நாட்டினான் என்று அடுத்த பத்தியை நிரப்புகிறார்கள். ஆய்விதழ் என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்று என்னைக் கேட்டால், இந்த அடுத்த பத்திக்கு இடம் விட்டு வைப்பதற்காக என்பேன்.